டியூஸைக் கட்டிவிடுங்கள், ஃபைனுக்குப் பதில் எழுதுங்கள்

கேள்வி: இரண்டு வருடம் முன்பு டெக்சாஸில் ஃபிரிஸ்கோவில் வீடு வாங்கினோம். எச்ஓஏ என்ற வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு டியூஸ், அதாவது சங்கக் கட்டணம், ஆறு மாதத்துக்கு 480 டாலர். இந்தக் கோடையில் திண்டுக்கல்லிலிருந்து என் மாமனாரும் மாமியாரும் வந்திருக்கிறார்கள். மாமா பிவிசி பைப்பை நட்டு, கயிறு கட்டி, பேக்யார்டில் பீர்க்கங்காய்ப் பந்தல் போட்டார். வேலிக்கு மேலே தெரிகிறது என்று கடிதம் வந்தது. அடுத்து, வாசலில் கட்டிய தோரணமும் நிலைக்கு மேல் மாட்டிய பிள்ளையாரும் ‘அனுமதி பெறாத அலங்காரம்’ என்று இன்னொரு கடிதம். போன வாரம் சர்ட்டிஃபைடு மெயிலில் மூன்றாவது வந்துவிட்டது: பந்தலைக் குறிப்பிட்ட தேதிக்குள் சரிசெய்யாவிட்டால் 100 டாலர் ஃபைன். இவருக்கு வந்த கோபத்தில், “இந்தத் தடவை டியூஸே கட்டப் போவதில்லை, என்ன செய்கிறார்கள் பார்க்கலாம்” என்கிறார். மாமாவோ “எல்லாம் என்னால்தானே” என்று சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. சொந்த வீட்டில் ஒரு கொடி வளர்க்க உரிமை இல்லையா? பேசாமல் விற்றுவிட்டு எச்ஓஏ இல்லாத இடத்துக்குப் போய்விடலாமா?

— ஒரு வாசகி, ஃபிரிஸ்கோ

பதில்: சகோதரி, முதலில் உங்கள் வீட்டுக்காரரைத் தடுத்து நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

டியூஸும் ஃபைனும் ஒரே இடத்திலிருந்து வருவதால் இரண்டும் ஒன்று என்று நினைக்கிறோம். சட்டத்தின் கண்ணில் அவை வேறு வேறு. டெக்சாஸ் சொத்துச் சட்டத்தின் 209-ஆம் அத்தியாயப்படி, வெறும் ஃபைன் பாக்கிக்காகவோ, அந்த ஃபைனை ஒட்டி வந்த வக்கீல் செலவுக்காகவோ எச்ஓஏ உங்கள் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர முடியாது. டியூஸ் பாக்கி அப்படி இல்லை. அது வீட்டின் மேலேயே கடன் பொறுப்பாக ஏறும். வக்கீல் கட்டணமும் வசூல் செலவும் சேர்ந்து, 480 டாலர் சில மாதங்களில் ஆயிரங்களாகிவிடும். அதற்காக வீட்டை ஏலம் விடும் ஃபோர்க்ளோஷர் வரைக்கும் போக வழி உண்டு. உங்கள் வீட்டுக்காரர் விடும் சவால், எதிராளி கையில் அரிவாளைக் கொடுத்துவிட்டுக் கழுத்தை நீட்டுவதுதான்.

மிகைப்படுத்துகிறேன் என்று அவர் சொன்னால், உங்கள் ஊர்க் கதையையே சொல்லுங்கள். ஃபிரிஸ்கோவில் ஒரு ராணுவ கேப்டன் ஈராக்கில் பணியில் இருந்தபோது, சுமார் 800 டாலர் டியூஸ் பாக்கிக்காக அவருடைய வீட்டை எச்ஓஏ ஏலம் விட்டது. ஏறக்குறைய மூன்று லட்சம் டாலர் மதிப்புள்ள வீடு, கடன் முழுக்க அடைத்தது, 3,500 டாலருக்குப் போனது. வந்த கடிதங்கள் வீட்டில் பிரிக்கப்படாமல் கிடந்திருக்கின்றன. 2010-இல் இந்தச் செய்தி நாடு முழுக்கப் பரவியது. கடைசியில் வழக்குப் போட்டுத்தான் வீடு திரும்பக் கிடைத்தது. அடுத்த வருடமே டெக்சாஸ் சட்டமன்றம் விதிகளை இறுக்கியது. இப்போது கோர்ட் உத்தரவு இல்லாமல் எச்ஓஏ வீட்டை ஏலம் விட முடியாது. விட்டாலும், பணத்தைக் கட்டி மீட்டுக்கொள்ள 180 நாள் அவகாசம் உண்டு. பாதுகாப்பு வந்திருக்கிறதுதான். அதற்காக அதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமா?

ஆகவே 480 டாலரை இன்றைக்கே கட்டிவிடுங்கள். “கட்டினால் ஃபைனுக்கு எடுத்துக்கொண்டு, டியூஸ் இன்னும் பாக்கி என்று சொல்லிவிடுவார்களே” என்ற பயம் பலருக்கு உண்டு. அதற்கும் சட்டம் வரிசை போட்டிருக்கிறது. நீங்கள் அனுப்பும் பணம் முதலில் பழைய டியூஸ் பாக்கிக்கும் அடுத்து நடப்பு டியூஸுக்கும் போக வேண்டும். ஃபைன் கிட்டத்தட்ட வரிசையின் கடைசியில் நிற்கிறது. கையில் மொத்தமாகப் பணம் இல்லாதவர்கள் தவணை கேட்கலாம். 14 மனைகளுக்கு மேல் உள்ள சங்கங்கள் தவணைத் திட்டம் வைத்திருந்தே ஆக வேண்டும்.

இனி அந்த மூன்றாவது கடிதத்தைக் கையில் எடுங்கள். அதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: என்ன தவறு, எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும், சங்கத்தின் நிர்வாகக் குழுவான போர்டு முன் விசாரணை கேட்கும் உரிமை. அந்தத் தேதிக்குள் பந்தலைச் சரிசெய்துவிட்டால் ஃபைன் போட முடியாது. கடந்த ஆறு மாதத்தில் இதே தவறுக்கு இதே மாதிரி முறைப்படி நோட்டீஸ் வந்திருந்தால் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. முதலில் வந்தது சாதாரணத் தபாலில் வந்த நினைவூட்டல் என்றால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். விசாரணை வேண்டுமென்றால் 30 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். அந்த 30 நாள், கடிதம் அனுப்பப்பட்ட தேதியிலிருந்து ஓடுகிறது, நீங்கள் போஸ்ட் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு வாங்கிய நாளிலிருந்து அல்ல. உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டாம். “இந்தத் தேதியிட்ட உங்கள் நோட்டீஸ் கிடைத்தது. 209.007 பிரிவின்படி போர்டு முன் விசாரணை கோருகிறேன். ஃபைன் கொள்கையின் நகலும், இந்த மீறல் தொடர்பான படங்களும் ஆவணங்களும் அனுப்பவும்.” இவ்வளவுதான். பீர்க்கங்காயின் மருத்துவ குணம், பக்கத்து வீட்டுக்காரர் பந்தயக் காரை ரோட்டில் நிறுத்துவது எதுவும் அதில் வேண்டாம். விசாரணைக்கு 10 நாள் முன்பே அவர்கள் தங்கள் ஆதாரங்களை உங்களுக்குத் தர வேண்டும். பெரும்பாலும் அது சங்கத்துக்காக நிர்வாகம் பார்க்கும் மேனேஜ்மென்ட் கம்பெனி ஆள் காரில் போகும்போது ஜன்னல் வழியாக எடுத்த ஒரு போட்டோவாக இருக்கும். தராவிட்டால் 15 நாள் ஒத்திவைப்பு உங்கள் உரிமை. ஃபைன் எந்தத் தவறுக்கு எவ்வளவு என்ற பட்டியலும் 2024 முதல் எழுத்தில் இருந்தாக வேண்டும். அதில் இல்லாத தொகையைக் கேட்டால் நீங்கள் கேள்வி கேட்கலாம்.

சரி, யார் பக்கம் நியாயம்? பிள்ளையார் விஷயத்தில் நீங்கள் ஜெயித்த மாதிரிதான். மத நம்பிக்கையால் வைக்கும் பொருள்களை உங்கள் வீட்டிலோ மனையிலோ வைக்க எச்ஓஏ தடை போட முடியாது என்று 2021-இல் டெக்சாஸ் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன் வாசற்கதவிலும் நிலையிலும் மொத்தம் 25 சதுர அங்குலம் வரைக்கும்தான் பாதுகாப்பு, அதாவது அஞ்சு அங்குலத்துக்கு அஞ்சு அங்குலம். நம் வீட்டுத் தோரணத்தில் ஒரு மாவிலைக்குக்கூடப் பத்தாது. இப்போது அந்த அளவு இல்லை. 202.018 பிரிவைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதினால் அந்தக் கடிதம் அநேகமாக அத்தோடு அடங்கிவிடும். ஆனால் பொது இடத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. மாமியார் கோலம் போட ஆசைப்பட்டால் உங்கள் வாசல்படியிலோ டிரைவ்வேயிலோ போடட்டும், தெருவோர நடைபாதையில் வேண்டாம்.

பந்தல் விஷயத்தில் உங்களுக்கு ஆறுதல் சொல்ல என்னால் முடியவில்லை. காய்கறிப் பந்தலைக் காப்பாற்றும் சட்டம் டெக்சாஸில் இல்லை. வீடு வாங்கிய அன்று கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டோடு, அந்த மனைக்குரிய கட்டுப்பாடுகளையும் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். கவுண்டியில் பதிவான அந்த ஆவணம் மனையோடு ஒட்டியது, யார் வாங்கினாலும் கூடவே வரும். வேலிக்கு மேல் தெரியும் எதற்கும் முன் அனுமதி வேண்டும் என்று அதில் இருந்தால் நீங்கள் தோற்பீர்கள். என்ன இருக்கிறது என்று நீங்களே வாசியுங்கள், வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள். நம் ஆட்கள் அங்கே “நான் மூணு வருஷமா வச்சிருக்கேன், ஒருத்தரும் கேக்கல” என்பார்கள். அவர் வீட்டுக் கொடியை யாரும் புகார் செய்யவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு வழி இருக்கிறது. பைப்பை வேலி உயரத்துக்குக் கீழே வெட்டித் தாழ்த்துங்கள். கெடு முடிவதற்குள் தாழ்த்தி, தேதி தெரியும்படி போட்டோ எடுத்து அனுப்பினால் ஃபைன் போட முகாந்திரமே இல்லாமல் போகும். உயரம் வேண்டுமானால் கட்டுமான அனுமதிக் குழுவுக்கு முறைப்படி விண்ணப்பம் போடுங்கள். அதற்குப் படம் வேண்டும்: எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம், என்ன பொருள், வேலியிலிருந்து எத்தனை அடி தள்ளி. அந்தப் படத்தை மாமாவையே அளந்து வரையச் சொல்லுங்கள். “என்னால்தானே” என்று உட்கார்ந்திருப்பவருக்கு ‘பரவாயில்லை மாமா’ என்று பத்துத் தடவை சொல்வதைவிட, டேப்பைக் கையில் கொடுத்து வேலை சொல்வது நல்லது. வெள்ளை பைப்புக்குப் பதில் மரச்சட்டம் என்றால் அனுமதி கிடைக்க வாய்ப்பு கூடும். மழைநீர் பீப்பாய் வைக்க வேண்டும் என்று அவர் கேட்டால் தைரியமாகச் சரி சொல்லுங்கள். எந்த இடம், என்ன நிறம் என்று எச்ஓஏ சொல்லலாம், ஒரேயடியாகக் கூடாது என்று சொல்ல முடியாது.

உங்கள் வீட்டுக்காரரின் கோபத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது. போர்டு கூட்டம் வீட்டு உரிமையாளர்களுக்குத் திறந்தது. வழக்கமான கூட்டம் என்றால் 144 மணி நேரம் முன்பே அறிவிக்க வேண்டும். கணக்கு வழக்கைப் பார்க்க எழுத்தில் கேட்கலாம். நீச்சல் குளத்துக்கு எவ்வளவு, நுழைவாயில் நீரூற்றுக்கு எவ்வளவு, மேனேஜ்மென்ட் கம்பெனிக்கு எவ்வளவு என்று எல்லாம் அதில் தெரியும். வருடாந்திரக் கூட்டத்தில் நம்மவர்கள் தலை காட்டுவதே இல்லை. வந்த நாலு பேர் தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அவர்களுக்குப் பிடித்த புல்வெளியைச் சட்டமாக்குகிறார்கள். ஃபிரிஸ்கோவில் நம் தெலுங்கு, தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த தெருக்களில்கூட இப்படி நடக்கிறதென்றால் அதற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. போர்டுக்கு நிற்கச் சொல்லுங்கள் அவரை. பீர்க்கங்காய்ப் பந்தலுக்கு இத்தனை அடி வரை அனுமதி என்று ஒரு வழிகாட்டுதல் கொண்டுவந்தால் பத்து வீட்டு மாமனார்கள் வாழ்த்துவார்கள்.

விற்றுவிட்டுப் போவதா? எச்ஓஏ இல்லாத வீடு வேண்டுமென்றால் ரிச்சர்ட்சன், பிளேனோவின் பழைய பகுதிகளில் தேடிப் பார்க்கலாம். அங்கேயும் மாநகராட்சி இருக்கிறது. டாலஸில் புல் 12 அங்குலத்தைத் தாண்டினால் நகராட்சியே நோட்டீஸ் அனுப்பும். அதோடு, விற்கும்போது வாங்குபவருக்கு எச்ஓஏ ஒரு சான்று தரும். அதற்கு 375 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று வரம்பு இருக்கிறது, ஆனால் நீங்கள் கட்டாத டியூஸும் சரிசெய்யாத மீறலும் அந்தச் சான்றில் ஒன்றுவிடாமல் வரும். எனவே விற்பதாக இருந்தாலும் பைப்பை வெட்டிவிட்டு, 480 டாலரைக் கட்டி, ரசீதை எடுத்து வைத்துக்கொண்ட பிறகு ஏஜென்ட்டைக் கூப்பிடுங்கள்.