கேள்வி பதில்: பசு எங்கே போனது?

கேள்வி: என் மகள் யூகேஜி படிக்கிறாள். மேலே ஆங்கிலம், கீழே தமிழ் என்று இருக்கும் படப் புத்தகங்கள் நாலைந்து வாங்கினோம். ஆங்கிலத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து ஓடிவிடுகிறாள். வாங்கியது வீண்தானா?
- வாசகி, கோவை

பதில்: வீண் இல்லை. ஆனால் எந்த வரியை முதலில் படிக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் முதலில் ஆங்கிலம், அப்புறம் அதற்கு அர்த்தம் சொல்வது போலத் தமிழ். நரி தப்பித்துவிட்டது என்று தெரிந்த பிறகு அது தப்பிக்குமா என்று மறுபடியும் கேட்க எந்தக் குழந்தைக்குப் பொறுமை இருக்கும்? வரிக்கு வரி மொழி மாறாமல் இன்று முழுக்கதையும் தமிழில் படியுங்கள், ஆங்கிலம் நாளைக்கு இருக்கட்டும்.

இன்னொன்று, நம் வீட்டு விஷயங்களைச் சொல்லும் புத்தகமாக இருந்தால் தமிழ்ப் பக்கத்தில்தான் சரக்கு இருக்கும். பல்லாங்குழியையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு குழி, எங்கள் பக்கம் குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வரும்போது ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அதற்குப் பெயர் 'பசு', குழிக்குச் சொந்தக்காரர் அள்ளிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இதை 'நான்கு கொட்டைகள்' என்று எழுதிவிட்டுப் போய்விடலாம், கணக்கு சரியாகத்தான் இருக்கும், பசு மட்டும் காணாமல் போயிருக்கும். தமிழில் கேட்ட குழந்தையோ "இதுக்கு ஏன் பசுன்னு பேரு?" என்று நிச்சயம் கேட்கும். அந்தக் கேள்வி வந்த உடனே புத்தகத்தை மூடிவிட்டுத் தரையில் சாக்பீஸால் பதினான்கு வட்டம் போடுங்கள், எழுபது கொட்டையை எண்ணி வைக்கச் சொல்லுங்கள். உறவுப் பெயர்களும் இப்படித்தான். சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லாரும் ஆங்கிலப் பக்கத்தில் ஒரே 'அங்கிள்' ஆகிவிடுவார்கள், யார் அம்மா வழி, யார் அப்பா வழி என்பது தமிழ்ப் பக்கத்தில்தான் தெரியும்.

கேள்வி: இந்த மாதிரிப் புத்தகங்களில் நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், திருச்சி

பதில்: கடையிலேயே தமிழ் வரிகளை வாய்விட்டுப் படியுங்கள். 'அவள் ஒரு பெரிய சிரிப்பைக் கொடுத்தாள்' என்று இருந்தால் வைத்துவிடுங்கள், சிரிப்பை யாரும் கொடுப்பதில்லை. படத்தையும் பாருங்கள். பொங்கல் பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்து இருக்கிறதா, கோலத்தின் புள்ளிகளை எண்ணினால் கணக்கு வருகிறதா? இதில் அக்கறை காட்டாதவர்கள் எழுத்திலும் காட்டுவார்கள் என்று நான் நம்புவதில்லை. சென்னையில் 1996 முதல் இயங்கும் தூலிகா பதிப்பகம் தமிழோடு ஆங்கிலமும் சேர்ந்த படப் புத்தகங்கள் போடுகிறது. செலவு செய்ய முடியவில்லை என்றால், பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம். நீங்களே மொழிபெயர்த்தும் போடலாம்.

கேள்வி: வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். ஆனாலும் 'வந்துவிட்டான்', 'இருக்கின்றது' என்று புத்தகத்தில் வந்தால் நான்கு வயதுப் பேரன் விழிக்கிறான்.
- வாசகர், சிங்கப்பூர்

பதில்: தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் நாட்டில் இருக்கிறீர்கள், பொது நூலகத்திலேயே தமிழ்ப் புத்தகம் கிடைக்கும், அதனால் இதற்காகத் தமிழை விட்டுவிட வேண்டாம். ஊரில் வளரும் குழந்தைக்கும் இதே சிக்கல்தான். பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் இவ்வளவு விலகி இருக்கும்போது, இருமொழிப் புத்தகம் என்பது நம் பிள்ளைகளுக்கு உண்மையில் மூன்று மொழிப் புத்தகம். முதல் தடவை படத்தைக் காட்டி உங்கள் பேச்சிலேயே "பாரு, வந்துட்டான்" என்று சொல்லுங்கள். மூன்று நான்கு தடவை கேட்டுக் கதை பழகிய பிறகு, அச்சில் இருப்பதை அப்படியே படியுங்கள். கதை தெரிந்திருப்பதால் 'வந்துவிட்டான்' அவனுக்குத் தானாகவே புரிந்துவிடும். நடுவில் நிறுத்தி அர்த்தம் கேட்டுச் சோதிக்காதீர்கள், தாத்தா மடி பரீட்சை ஹால் ஆகிவிடக் கூடாது.