அருங்காட்சியகத்துக்கு நன்கொடை கேட்கிறார்கள், எதற்குக் கொடுப்பது?

கேள்வி: மதுரைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சின்ன அருங்காட்சியகத்தைப் புதுப்பிக்கிறார்களாம். நன்கொடை கேட்டு வந்தவர்கள் "கண்ணாடிப் பெட்டிக்கா, ஏசிக்கா, கட்டடத்துக்கா, எதுக்கு எழுதிக்கட்டும்?" என்கிறார்கள். எதற்குக் கொடுத்தால் உருப்படியாக இருக்கும்?

மூன்றுக்கும் வேண்டாம். கரண்ட் பில்லுக்குக் கொடுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், மதுரையிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இதே மாதிரி ஒரு அருங்காட்சியகத்தின் புதுப்பிப்புக் குழுவில் பொருளாளராக இருந்தேன். ஊரும் பேரும் வேண்டாம். நாலு அறை, கொஞ்சம் ஓலைச்சுவடி, மரச் சிற்பங்கள், பானைகள், பழைய போட்டோக்கள், அவ்வளவுதான். நன்கொடை கேட்டுப் போனோம், பணம் கொட்டியது. ஏசி தர ஆள் இருந்தார்கள், கண்ணாடிப் பெட்டி தர இருந்தார்கள், வாசலில் கிரானைட் கல்வெட்டு வைக்கவே தனியாக ஒருவர் வந்தார். அந்தக் கல்லில் யார் பெயர் எந்த அளவில் வர வேண்டும் என்று நடந்த பஞ்சாயத்தைத் தீர்ப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

திறப்பு விழா அமர்க்களம். அதற்கப்புறம் முதல் இரண்டு மாதக் கரண்ட் பில் வந்தது. பழைய பில்லைப்போல நாலு மடங்கு. சீட்டு விற்ற காசு வாட்ச்மேன் சம்பளத்துக்கே பற்றாது. செயலாளர் ஒரு வழி சொன்னார்: பார்வையாளர் இருக்கும்போது மட்டும் ஏசி, சாயங்காலம் அஞ்சு மணிக்கு நிறுத்திவிடலாம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது, நானும் தலையாட்டினேன். ஓலைக்கும் மரத்துக்கும் இதைவிடக் கெடுதல் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பகலில் குளிர்ந்து காய்ந்து சுருங்கும், ராத்திரி வெக்கையும் ஈரமும் ஏறி விரியும். தினமும் இப்படியென்றால் எது தாங்கும்? யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் தலைமுறை தலைமுறையாகக் கிடந்த ஏடு, ஏசி வந்த இரண்டாம் வருஷம் விரிசல் விட்டது.

பெட்டிகளுக்குள் ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல் வைத்திருந்தோம். நீலமாக இருக்கும், ஈரம் ஏறினால் ரோஸ் நிறத்துக்கு மாறும், எடுத்துச் சூடுகாட்டி மறுபடி வைக்க வேண்டும். அதைச் செய்ய ஆளில்லை. ஏட்டுக்குத் தடவ எலுமிச்சைப் புல் தைலம் வாங்கவும் காசில்லை. இதற்கெல்லாம் உபயதாரர் கிடைப்பதில்லை. ஜெல் பொட்டலத்தில் பெயர் எழுத இடம் ஏது?

பெயர் ஆசையை நான் குறை சொல்லவில்லை. அது இந்த மண்ணில் ரொம்பப் பழசு. அழகர்மலையில் கிடாரிப்பட்டிப் பக்கம் சமணக் குகை இருக்கிறது. துறவிகளுக்குக் கற்படுக்கை வெட்டக் கொடுத்தவர்களைத் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் பாறையிலேயே பொறித்திருக்கிறார்கள். மதுரைப் பொற்கொல்லர், உப்பு வணிகர், கொழு, அதாவது கலப்பை இரும்பு விற்றவர், அறுவை வணிகர், அதாவது துணிக்காரர். ஏறக்குறைய 2000 வருஷத்துக்கு முந்தைய நன்கொடையாளர் பலகை! அரசர் யாரும் இல்லை, பெரும்பாலும் கடைத்தெரு ஆட்கள். ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ஆனால் படுக்கை வெட்டினால் வேலை முடிந்தது. விளக்கு அப்படியில்லையே, தினமும் எரிய வேண்டும். அதற்கு நம் கோயில் கல்வெட்டுகளில் ஒரு ஏற்பாடு உண்டு: அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு, சில இடங்களில் 90. "சாவா மூவாப் பேராடு" என்று எழுதியிருக்கும். ஆடு சாகத்தான் செய்யும், கிழடு தட்டத்தான் செய்யும். ஆனால் கணக்கில் சாகக்கூடாது. பொறுப்பேற்ற இடையர் குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கையைச் சரிக்கட்டி, நாளொன்றுக்கு உழக்கு நெய் அளந்தாக வேண்டும். முப்பது வருஷம் வைப்பு நிதி லெட்ஜர் பார்த்தவன் சொல்கிறேன், முதலைத் தொடாமல் வட்டியில் விளக்கெரிக்கும் யோசனையை இவ்வளவு கச்சிதமாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உங்கள் ஊர்க் குழுவும் இப்படி ஒரு தொகையை வங்கியில் போட்டுவிட்டு, வட்டியை மட்டும் பில்லுக்கும் பூச்சி மருந்துக்கும் எடுக்க வேண்டும்.

"பெரிய கம்பெனிகளிடம் கேட்கலாமே" என்பார்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவழிக்க வேண்டும், பண்பாட்டுப் பாதுகாப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. கட்டடத்துக்கும் பெட்டிக்கும் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் 2021 முதல் அந்தப் பணத்தை ஒரு அமைப்பின் மூலநிதியில், அதாவது வட்டிக்காக வைக்கும் முதலில் போட்டு அதைக் கணக்குக் காட்ட முடியாது. ஆக, ஆடு வாங்கித் தர வேண்டியது உங்களையும் என்னையும் போன்ற ஆட்கள்தான். கீழடி அருங்காட்சியகத்துக்கு இந்தக் கவலை இல்லை. 18 கோடிக்கு மேல் செலவழித்து 2023 மார்ச்சில் திறந்தது அரசு, பராமரிப்பும் அரசு பொறுப்பு. ஊர்க் குழுக்களின் கதை வேறு.

கொடுக்கும்போது, நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தரும் பதிவு (80ஜி என்று பழகிய பெயர்) இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், நீங்கள் பழைய வரி முறையில் இருக்கும் பட்சத்தில், பொதுவாகப் பாதித் தொகைக்குக் கழிவு கிடைக்கும். ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல் போனால் கிடையாது, அதனால் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். நிதியாண்டு முடிந்ததும் வரிக் கழிவுக்கான நன்கொடைச் சான்றிதழை வாங்க மறக்காதீர்கள். என்ன வகைக்குக் கொடுத்தீர்கள் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள், இது முக்கியம்.

பணமாக இல்லாமல் வீட்டுப் பழம்பொருளைக் கொடுப்பதாக இருந்தால், திரும்பக் கேட்பதில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். எங்களிடம் ஒரு பெரியவர் வந்து, "தம்பி, தை மாசம் படையலுக்கு எங்க ஐயா ஏட்டை ஒருநா குடுங்க, வச்சுக் கும்பிட்டுட்டுத் தந்துர்றேன்" என்றார். இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. கொடுத்தோம். எந்தத் தை என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் அருங்காட்சியகம் இப்போது எப்படி என்றால், ஏசி இரண்டை விற்றுவிட்டோம். சன்னல்களைத் திறந்து வலை அடித்து, ஓலைகளை உள்ளறைக்கு மாற்றினோம். மாதம் 500 ரூபாய் ஒருவர் தவறாமல் அனுப்புகிறார். பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். கல்வெட்டில் அவர் பெயரையும் சேர்க்கலாம் என்று கேட்டபோது, "கல்லுல இடமில்லைண்ணே, நானே பாத்துட்டேன். ரசீதுல மட்டும் பேரைத் தப்பில்லாம எழுதுங்க" என்றார். ரசீதில் வகை என்ற இடத்தில் நான் எழுதுவது: பூச்சி மருந்து, ஜெல்.