வண்டி வந்து சேரும் வரை: தீப்பாதுகாப்பு கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 4 மாடிகள். தீயணைப்புத் துறையினரை அழைத்து ஒத்திகை நடத்த நினைக்கிறோம். யாரைக் கேட்பது, என்ன தயார் செய்வது?
– சங்கச் செயலாளர், கொளத்தூர், சென்னை

பதில்: உங்கள் பகுதி தீயணைப்பு நிலையத்துக்கு நேரில் போய், நிலைய அலுவலர் பெயருக்குக் கடிதம் கொடுங்கள். எத்தனை வீடுகள், எழுந்து நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர், கீழ்த்தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதை அதில் எழுதுங்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ கப்பல் வெடித்தபோது உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாக வருவது. அந்த வாரத்தையும் தீபாவளிக்கு முந்தைய நாட்களையும் தவிர்த்துக் கேட்டால், வருகிறவர்கள் உங்களுக்கு நிதானமாக நேரம் ஒதுக்க முடியும்.

எரியும் சிலிண்டரை ஈரச் சாக்கு போட்டு அணைத்துக் காட்டுவார்கள். எல்லோரும் கைதட்டிவிட்டு வடை, காபியோடு கலைந்துவிடுவார்கள். அத்தோடு விட்டுவிடாதீர்கள். வண்டியை வாசல் வரை கொண்டுவந்து பார்க்கச் சொல்லுங்கள். நுழைவு வளைவு, தாழத் தொங்கும் கேபிள், குறுக்கே நிற்கும் கார் ஆகியவைதான் வழக்கமாக மறிக்கும். அடுத்தது படிக்கட்டு. செருப்பு ஸ்டாண்டு, பழைய பேப்பர் கட்டு, குழந்தைகளின் சைக்கிள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். இலேசான புகையிலேயே படி சரியாகக் கண்ணுக்குத் தெரியாது. சுவரைத் தடவித்தான் இறங்க வேண்டும்.

பால்கனி கிரில்லையும் அவர்களிடம் காட்டுங்கள். முழுக்க வெல்டிங் செய்த கிரில் என்றால் ஏணி வைத்தாலும் ஆளை வெளியே எடுக்க முடியாது. ஒரு பகுதியாவது கீல் வைத்துத் திறக்கும்படி இருக்க வேண்டும். அதன் சாவி கிரில்லுக்கு அருகிலேயே, வெளியிலிருந்து எட்டாத இடத்தில் தொங்கட்டும்.

படிக்கட்டில் அடர்ந்த புகை சூழ்ந்துவிட்டால் இறங்கவே கூடாது. வீட்டுக்குள் திரும்பிக் கதவை மூடி, அடி இடுக்கில் ஈரத் துண்டைத் திணித்துவிட்டு, தெருப்பக்க பால்கனியில் நின்று துணியை அசையுங்கள். லிஃப்ட் பக்கமே போக வேண்டாம். மெயின் சுவிட்சை அணைப்பது யார், கீழே ஆள் கணக்கு எடுப்பது யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். பகல் காவலாளிக்கு மட்டும் தெரிந்து, இரவுக் காவலாளிக்குத் தெரியாமல் இருப்பதே பெரும்பாலும் நடப்பது.

கேள்வி: மாட்டி 4 வருடமான தீயணைப்பான் இருக்கிறது. முள் பச்சையில்தான் நிற்கிறது. அவசரத்துக்கு உதவுமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: பச்சை முள் அழுத்தத்தை மட்டும்தான் சொல்லும், பவுடரின் நிலையைச் சொல்லாது. ஏ.பி.சி. பவுடர் (மரம் போன்ற திடப்பொருள், எண்ணெய், எரிவாயு மூன்றின் தீயையும் அணைக்கும் தூள்) ஒரே இடத்தில் தொங்கினால் அடியில் இறுகிக் கட்டியாகலாம். கைப்பிடியில் செருகியிருக்கும் பின் (pin), சீல், குழாய் மூன்றையும் மாதம் ஒருமுறை பாருங்கள். பராமரிப்பவரை ஆண்டுதோறும் வரவழைத்துப் பவுடரைச் சோதிக்கச் சொல்லுங்கள். கார்பன் டை ஆக்சைடு வகையில் முள்ளே இராது, எடை போட்டுத்தான் அறிய வேண்டும். வாயு எடையில் 10 சதவீதம் குறைந்திருந்தால் நிரப்ப அனுப்பிவிடுங்கள்.

பலர் செய்யும் தவறு, ‘வேலை செய்கிறதா’ என்று ஒரு நொடி அடித்துப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டுவது. வால்வில் பவுடர் துகள் சிக்கி, அழுத்தம் மெல்லக் கசிந்து காலியாகிவிடும். கொஞ்சம் அடித்தாலும் மீண்டும் நிரப்பியே ஆக வேண்டும். 6 கிலோ தீயணைப்பான் ஏறத்தாழ 15 முதல் 20 வினாடிதான் பீய்ச்சும். 2, 3 மீட்டர் தள்ளி, வெளியேறும் வாசல் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று, தழலை விட்டுவிட்டுத் தீயின் அடியில் அடியுங்கள்.

கேள்வி: இரவில் சமையலறையில் கேஸ் வாடை வந்தால் முதலில் என்ன செய்வது?
– வாசகி, தாம்பரம்

பதில்: விளக்கைப் போடாதீர்கள், எரிகிற விளக்கை அணைக்கவும் வேண்டாம். இரண்டிலுமே சுவிட்சுக்குள் பொறி பறக்கும். எக்ஸாஸ்ட் ஃபேனும் அப்படித்தான். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரோடு நூலில் தொங்கும் மூடியை அழுத்திப் போடுங்கள். (புது சிலிண்டர் வந்ததும் அந்த நூலை அறுத்து எறிகிற வீடுகள் ஏராளம்.) எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். ஆகவே ஜன்னலைத் திறந்தால் மட்டும் போதாது, வாசல் கதவையும் பால்கனிக் கதவையும் சேர்த்துத் திறங்கள். ஃபிரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கும்போதும் பொறி வரலாம் என்பதால், மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் அங்கே அணையுங்கள். வெளியே வந்த பிறகு கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் பேசுங்கள்.

ரப்பர் குழாயில் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். 5 ஆண்டு கடந்திருந்தால் வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: வாணலி எண்ணெய் தீப்பிடித்தால்?
– வாசகி, ஆவடி

பதில்: அடுப்பை அணையுங்கள், தட்டை வாணலியின் மேல் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடுங்கள். ஆறும் வரை திறக்காதீர்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் மீண்டும் பற்றும். தண்ணீர் கூடவே கூடாது. அது எண்ணெயின் அடிக்குப் போய் நொடியில் ஆவியாகிப் பொங்கும்போது எரியும் எண்ணெயையும் கூரை வரை தூக்கிவிடும்.

கேள்வி: தீப்பிடித்தால் போனில் அழைக்க வேண்டியது 101-ஆ, 112-ஆ?
– வாசகர், பெரம்பூர்

பதில்: எது கிடைத்தாலும் சரி. ‘தீ’ என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிடுவதால்தான் நேரம் போகிறது. தெரு, அருகிலுள்ள அடையாளம், எத்தனையாவது மாடி, உள்ளே ஆள் உண்டா, சிலிண்டர் உண்டா என்ற வரிசையில் சொல்லுங்கள். அவர்கள் வைக்கும் வரை நீங்கள் வைக்க வேண்டாம். தெருமுனையில் ஒருவரை நிறுத்துங்கள். இரவானால் அவர் கையில் டார்ச் இருக்கட்டும்.