ஆள் மாறினால் மேடையில் என்ன மாறுகிறது?

கேள்வி: எங்கள் றொக் இசைக்குழுவில் ஆறு ஆண்டுகள் ட்றம்ஸ் வாசித்த நண்பர் கனடாவுக்குப் போய்விட்டார். புதியவர் தாளத்தில் அவரைவிடச் சுத்தமானவர். ஆயினும், பாட்டின் நடுவே நாங்கள் மனோதர்மமாக விரித்து வாசிக்கும் பகுதி இரண்டு நிமிடத்திலேயே வற்றிவிடுகிறது. ஏன்?
- வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: பாட்டைப் புதியவர் ஒரு வாரத்தில் பாடமாக்கிவிடலாம்; விரித்து வாசிப்பதற்கோ பாடமே கிடையாது. பழைய நண்பர் வலது கையை ஹை-ஹாட் என்ற இரட்டை உலோகத் தட்டிலிருந்து ரைட் சிம்பல் என்ற பெரிய ஒற்றைத் தட்டுக்குக் கொண்டுபோகும்போதே, அடுத்த நாலு சுற்றில் வேகம் ஏறப்போகிறது என்பது பேஸ் கிற்றார் வாசிப்பவருக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சாடை யாரும் சொல்லிக் கொடுக்காமல், ஆறு ஆண்டு ஒத்திகையில் தானாக ஊறியது. புதியவர் அதே போலக் கையை மாற்றினாலும் அவர் சொல்ல வருவது வேறாக இருக்கும். கோயில் திருவிழாவில், முதன்முறை சேர்ந்து அமரும் இரண்டு தவில் வித்துவான்கள் ஒருவர் கையை மற்றவர் எவ்வளவு கூர்ந்து பார்க்கிறார்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

பெரிய குழுக்களும் இதைக் கடந்தே வந்தன. கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க றொக் குழுவில் ட்றம்ஸ் வாசித்த இருவரில் மிக்கி ஹார்ட் 1971 பெப்ரவரியில் விலகினார். தனியாக நின்ற பில் க்ரொய்ட்ஸ்மன் இன்னொருவரோடு ஒத்துத் திரும்பவேண்டிய கட்டாயம் இல்லாததால், நினைத்த கணத்தில் தாளத்தை மடக்கவும் தளர்த்தவும் முடிந்தது. 1972 ஐரோப்பியப் பயணப் பதிவுகளைக் கேட்டால் அந்தத் துள்ளல் புரியும். ஹார்ட் 1970களின் நடுவில் மேடைக்குத் திரும்பியபின் இசைக்குக் கனம் கூடிற்று, ஆனால் திருப்பங்கள் மெதுவாயின என்பதே என் கருத்து.

உங்களுக்கு இன்னும் நெருக்கமானது ஓல்மன் பிரதர்ஸ் என்ற இன்னோர் அமெரிக்க றொக் குழுவின் கதை. 1971 ஒக்டோபரில் அதன் கிற்றார் கலைஞர் டுவேன் ஓல்மன் விபத்தில் இறந்தபின், அவரைப் போல வாசிக்கும் இன்னொரு கிற்றார்காரரை அவர்கள் தேடவில்லை. மறு ஆண்டு சக் லீவெல் என்ற பியானோ கலைஞரைச் சேர்த்தார்கள். இரண்டு கிற்றார்கள் பேசிக்கொண்ட இடத்தில் கிற்றாரும் பியானோவும் பேசத் தொடங்கின, விரிவுகளின் நிறமே மாறியது.

ஆகவே பழைய ஒலிப்பதிவுகளைப் புதியவருக்குப் போட்டுக் காட்டாதீர்கள். ஒவ்வோர் ஒத்திகையிலும் முதல் இருபது நிமிடம் பாட்டு எதையும் எடுக்காமல், ஒரே ஸ்வரத்தில் நின்று, அவர் போகிற வழியில் நீங்கள் போய்ப் பாருங்கள்.