கல்லாவிலிருந்து எடுப்பது சம்பளம் ஆகுமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். வயது 43. கணவர் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் இருவரும் படிக்கிறார்கள். பாம்பனிலும் மண்டபத்திலும் நெத்திலியும் சூடையும் ஏலத்தில் எடுத்துக் காயவைத்து, மதுரை வியாபாரிகளுக்குச் சிப்பமாகவும், மூன்று ஆண்டுகளாகக் கூரியரில் கால்கிலோ பொட்டலங்களாகவும் அனுப்புகிறேன். நான்கு பெண்கள் என்னிடம் கூலி வேலை செய்கிறார்கள். சென்ற ஆண்டின் வரவு செலவைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். திருப்பூரில் வேலையை விட்டு வந்த என் தம்பி, பங்குதாரராகச் சேர்ந்துகொள்வதாகவும் மாதம் 20,000 ரூபாய் சம்பளம் வேண்டும் என்றும் சொல்கிறான். “நீ எவ்வளவு எடுக்கிறாய் அக்கா?” என்று அவன் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வேண்டியதை அவ்வப்போது கல்லாவிலிருந்து எடுப்பேன், எழுதி வைத்ததில்லை. சொந்தத் தொழிலில் எனக்கு நானே சம்பளம் போட்டுக்கொள்வது முறைதானா? முறை என்றால் எவ்வளவு?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் இணைத்த தாளை இரண்டு முறை படித்தேன். ஏலத்தில் மீனுக்குக் கொடுத்தது, உப்பு, கூரியர், பொட்டலம் என்று எல்லாவற்றுக்கும் அதில் தொகை இருக்கிறது. ஓராண்டில் 190 நாள் நான்கு பெண்களுக்கும் 400 ரூபாய் வீதம் கூலி கொடுத்ததைக்கூட, ஒரு நாளும் பாக்கி வைக்காமல், எழுதியிருக்கிறீர்கள். அந்த 190 நாளும் அவர்களுக்கு முன்பே எழுந்து, அவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் வேலை செய்த ஐந்தாவது ஆளுக்கு மட்டும் அந்தத் தாளில் ஒரு வரி இல்லை.

உங்கள் கணக்கையே வாசகர்களுக்காகச் சுருக்கமாகத் தருகிறேன். விற்பனை 24,00,000 ரூபாய். காய்ந்த எடையில் ஏறத்தாழ 8,000 கிலோ. மீன் வாங்கியது 15,20,000. உப்பு, பொட்டலம், வண்டி, கூரியர் எல்லாம் சேர்த்து 2,16,000. கூலி 3,04,000. கொட்டகை வாடகையும் கரண்ட் பில்லும் 48,000. இவை போக நிற்பது 3,12,000. இதைத்தான் நீங்கள் ‘வருஷ லாபம்’ என்று அடிக்கோடிட்டு, “இவ்வளவு லாபம் என்றால் பணம் எங்கே போகிறது என்று தெரியவில்லை” என்று பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

அதிலிருந்து இன்னும் இரண்டு தொகை கழிய வேண்டும். வங்கிக் கடனுக்கு மாதம் 6,000 வீதம் 72,000 போகிறது. தார்ப்பாயும் வலையும் ஐஸ் பெட்டியும் மாற்றுவதற்கு ஆண்டுக்கு 30,000 ஆவது ஆகும். மீதம் 2,10,000. இந்தத் தொகை யாருடையது என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கும் உண்மையான கேள்வி.

ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். கால் முறிந்து மூன்று மாதம் நீங்கள் படுத்துவிட்டீர்கள். விடியுமுன் ஏலத்துக்குப் போய், மீனின் செவுளைப் பார்த்து நேற்றைய மீனா இன்றைய மீனா என்று சொல்லி, விலை ஏறும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து வாங்க ஓர் ஆள் வேண்டும். வடகிழக்கில் மேகம் திரள்வதைக் கண்டு காய்ந்ததும் காயாததுமாகக் களத்தில் கிடப்பதை வாரச் சொல்லும் கண்ணும், மதுரை வியாபாரியிடம் பாக்கியைக் கேட்டு வாங்கும் வாயும், பொட்டலத்தில் முகவரி எழுதும் கையும் அதே ஆளுக்கு இருக்க வேண்டும். அப்படி ஒருவரை மாதச் சம்பளத்துக்கு வைத்தால் என்ன கேட்பார்? உங்கள் பக்கத்தில் நான்கு பேரிடம் விசாரியுங்கள். நான் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். கூடுதலாக இருந்தால் இருக்குமே தவிரக் குறையாது. அதுதான் நீங்கள் செய்யும் வேலையின் சந்தை விலை. உங்கள் சம்பளத்தைப் பற்றிய பேச்சு, வீட்டுச் செலவு எவ்வளவு என்பதிலிருந்தோ கல்லாவில் எவ்வளவு மிச்சம் என்பதிலிருந்தோ தொடங்கக் கூடாது. இந்தத் தொகையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

18,000 வீதம் 12 மாதத்துக்கு 2,16,000 ரூபாய். கையில் நிற்பது 2,10,000. அதாவது உங்களுக்கு நியாயமான கூலி கொடுத்தால் தொழில் 6,000 ரூபாய் நட்டத்தில் நிற்கிறது. இதைப் படித்து மனம் தளர வேண்டாம். இத்தனை ஆண்டுகளாக லாபம் என்று நீங்கள் நம்பியது உங்கள் சொந்தக் கூலி, அதிலும் கொஞ்சம் குறைவு என்பது மட்டுமே இதன் பொருள். 2,16,000 ரூபாயை 8,000 கிலோவுக்குப் பங்கிட்டால் கிலோவுக்கு 27 ரூபாய் வருகிறது. உங்களிடம் கருவாடு வாங்குகிறவர் மீனவருக்குக் கொடுக்கிறார், உப்பளத்துக்குக் கொடுக்கிறார், கூரியர்காரருக்கும் கொடுக்கிறார். உங்கள் உழைப்புக்கான அந்த 27 ரூபாயை விலை போடும்போது நீங்கள் சேர்க்கவே இல்லை. வாங்கியதற்கு மேல் ‘கொஞ்சம்’ வைத்து விற்றிருக்கிறீர்கள். சொந்தமாகச் சிறுதொழில் நடத்துகிற பலரும், பெண்கள் கூடுதலாக, இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள் என்பது என் அனுபவம். சம்பளம் எடுப்பது பேராசை என்று தயங்கி, அதைக் கணக்கில் வைக்காமல், குறைந்த விலையில் விற்று, பிறகு கல்லாவிலிருந்து கூச்சத்தோடு எடுக்கிறார்கள்.

இப்போதைக்கு மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவு 14,000 என்று எழுதியிருப்பதால் இது தாங்கும். ஆண்டுக்கு 1,80,000 போனால் தொழிலில் 30,000 நிற்கும். அது பெரிய தொகை இல்லை. களத்தில் 200 கிலோ அளவுக்குக் காய்ந்துகொண்டிருக்கும்போது ஓர் இரவு மழை பிடித்துக்கொண்டால், மீன் வாங்கிய காசு மட்டுமே 38,000 ரூபாய் போய்விடும். ஆகவே 18,000 எடுக்கும் வழியை விலையில்தான் தேட வேண்டும். மதுரை வியாபாரி கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏற்றினாலும் முகம் சுளிப்பார், அவரை விடுங்கள். கூரியரில் போகும் 2,000 கிலோவுக்குக் கால்கிலோப் பொட்டலத்தில் ஐந்து ரூபாய் ஏற்றுங்கள். மண்ணில்லாத, தலை கிள்ளிய நெத்திலிக்காக உங்களைத் தேடி வருகிறவர்கள் அதற்காக விட்டுப் போகமாட்டார்கள். கிலோவுக்கு 20 வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் வரும். 15,000 சம்பளம் 18,000 ஆவதற்கு வேண்டியது 36,000 தான். ஆறு மாதம் அந்த விலை நின்ற பிறகு சம்பளத்தை ஏற்றுங்கள், முன்னதாக வேண்டாம்.

நம் கரையில் மாதச் சம்பளம் என்பதே சற்று விசித்திரமான பேச்சு என்று உங்களுக்குத் தோன்றலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீனை மட்டும் நம்ப வேண்டும். ஆனாலும் அந்த மாதங்களில் இருப்பில் உள்ள கருவாடு நல்ல விலைக்குப் போகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். உண்மையில் கை வறள்வது வடகிழக்குப் பருவமழையில்தான். மீன் கிடைத்தாலும் களம் காயாது. கிறிஸ்துமஸ் செலவும் அதே நேரத்தில் வந்து நிற்கும். அதனால் நல்ல மாதத்தில் கூடுதலாகவும் மோசமான மாதத்தில் குறைவாகவும் எடுப்பது இயல்பாகப் படும். அப்படிச் செய்ய வேண்டாம் என்பேன். நல்ல மாதத்தில் கூடுதலாக எடுத்தது, பெரும்பாலும் எங்காவது ஒரு கல்யாணத்தில் மொய்யாகவோ நகைச்சீட்டாகவோ போய்விடுகிறது. மழை மாதத்துக்கு அது திரும்பி வருவதில்லை.

ஒரு சேமிப்புக் கணக்கைத் தனியாகத் தொடங்குங்கள். வியாபாரத்தில் ரொக்கமாகவோ ஜிபேயிலோ எந்தப் பணம் வந்தாலும், ஆயிரத்துக்கு 75 ரூபாயை அதில் போட்டுவிடுங்கள். 24 லட்சத்துக்கு அந்தக் கணக்கில் சேர்வது சரியாக 1,80,000. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி அதிலிருந்து 15,000 ரூபாயை, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம், வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் அந்தக் கணக்கில் பணம் தேங்கி நிற்கும்போது எடுக்கச் சொல்லிக் கை அரிக்கும். அதற்காகவே அந்தக் கணக்குக்கு ஏ.டி.எம். அட்டை வாங்காமல் இருங்கள்.

மாத நடுவில் அவசரம் வந்தால் என்ன செய்வது? என் தகப்பனார் தேவிபட்டினத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பற்று நோட்டில் ஊர்க்காரர்கள் பெயருக்கு நடுவே ‘வீடு’ என்று ஒரு பக்கம் இருக்கும். அம்மா கடையிலிருந்து கால்கிலோ துவரம்பருப்பு எடுத்தாலும் அந்தப் பக்கத்தில் ஏறிவிடும். மாதக் கடைசியில் அப்பா தன் சம்பளப் பணத்திலிருந்து அந்தப் பற்றைத் தீர்ப்பார். வீட்டாரிடமே கடன் எழுதுகிறாரே என்று சின்ன வயதில் எனக்கு வெட்கமாக இருந்தது. நீங்களும் அப்படி ஒரு பக்கம் தொடங்குங்கள். கல்லாவிலிருந்து எடுத்த 500 ரூபாயும், சென்னையிலிருக்கும் நாத்தனாருக்குக் கொடுத்தனுப்பிய இரண்டு கிலோ நெத்திலியும், விற்கும் விலையிலேயே அதில் ஏறட்டும். ஐந்தாம் தேதி அதைக் கழித்துக்கொண்டு மீதியை எடுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து 15,000 போதவில்லை என்று அந்தப் பக்கம் காட்டினால், அதிகமாகப் போவது லாபமன்று, அடுத்த ஏலத்துக்கான முதல் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வரிக்கு வருகிறேன். உங்கள் தொழில் உங்கள் ஒருவர் பெயரில் நடப்பதால், நீங்கள் எடுக்கும் சம்பளத்தை வருமான வரிச் சட்டம் செலவாக ஏற்காது; கணக்கில் அதற்கு ‘எடுப்பு’ என்று பெயர், ஆடிட்டர்கள் ‘டிராயிங்ஸ்’ என்பார்கள். 15,000 எடுத்தாலும் 50,000 எடுத்தாலும் வரிக்குரிய வருமானம் மாறாது. சம்பளத்தை முடிவு செய்வது உங்கள் அறிவுக்காகவும் விலைக்காகவும்தான், வரிக்காக அன்று. உங்கள் ஆடிட்டர் விற்பனையில் 8 விழுக்காடு என்று கணக்கிட்டு 1,92,000 ரூபாயை வருமானமாகக் காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் புத்தகம் வைக்காத சிறு வியாபாரிகளின் ரொக்க விற்பனைக்குச் சட்டம் வைத்த குறைந்த அளவு அது. உங்கள் தொழில் உண்மையில் ஈட்டியதை அது சொல்லாது. ஈட்டியது அதற்கு மேல் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும். புதிய வரிமுறையில் இத்தகைய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் தள்ளுபடி போக வரியே இல்லாதபோது, குறைத்துக் காட்டி உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அடுத்த முறை வங்கிக்குப் பெரிய கடன் கேட்டுப் போகும்போது, உண்மையான வருமானம் உள்ள ரிட்டர்னும் மாதந்தோறும் ஒரே தேதியில் ஒரே தொகை வீட்டுக்குப் போன பாஸ்புக்கும் உங்களுக்காகப் பேசும்.

இன்னொரு சிறு விஷயம். சம்பளக்காரர்களுக்குப் பி.எஃப். பிடிப்பார்கள், உங்களுக்குப் பிடிக்க ஆளில்லை. அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேர 40 வயதே உச்சம் என்பதால் அந்த வாய்ப்பு கடந்துவிட்டது. அஞ்சலகத்தில் பி.பி.எஃப். என்னும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு தொடங்கி, 15,000 ரூபாயில் மாதம் 1,000 ரூபாயை அங்கே போடுங்கள். 15 ஆண்டு முதிர்வு உங்கள் 58 வயதை ஒட்டி வரும். உங்களிடம் வேலை செய்யும் பெண்களில் 40 வயதுக்குட்பட்டவர்களுக்கு அடல் திட்டத்தைப் பற்றிச் சொல்லி வையுங்கள்.

தம்பி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஓர் ஆளுக்கே முழுக்கூலி தராத தொழிலில் இரண்டாவது ஆளுக்கு மாதம் 20,000 என்றால், ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் எங்கிருந்தோ வர வேண்டும். அவர் வந்ததால் விற்பனை எவ்வளவு கூடும் என்பதற்கு விடை தெரியாமல் பங்குப் பத்திரம் எழுதக் கூடாது. கூட்டு நிறுவனத்தின் வரியும் வேறு மாதிரி. நிறுவனத்துக்கு விலக்கு வரம்பு கிடையாது. லாபத்தில் முதல் ரூபாயிலிருந்தே 30 விழுக்காடும் அதன் மேல் செஸ் என்னும் கூடுதல் வரியும் உண்டு. பங்குதாரர்களின் சம்பளத்தைச் செலவாகக் கழிக்கலாம், ஆனால் பத்திரத்தில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும், பங்குதாரர் உண்மையில் வேலை செய்கிறவராக இருக்க வேண்டும். அதற்கு உச்சவரம்பும் உண்டு: முதல் 6 லட்சம் லாபத்தில் 3 லட்சம் அல்லது 90 விழுக்காடு, இவற்றில் எது கூடுதலோ அது, அதற்கு மேல் உள்ள லாபத்தில் 60 விழுக்காடு. 2025 ஏப்ரல் முதல், ஒரு பங்குதாரருக்குச் சம்பளம், வட்டி எல்லாம் சேர்த்து ஆண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 விழுக்காடு வரியைப் பிடித்துக் கட்டும் வேலையும் நிறுவனத்தின் தலையில் விழுகிறது. இப்போதைய அளவுக்கு இவ்வளவு தேவையில்லை.

ஓராண்டு அவரை வேலையாளாகவே வைத்துப் பாருங்கள். மதுரைக்கும் திருப்பூருக்கும் பொட்டலம் விற்கும் பொறுப்பை முழுதாக அவரிடம் கொடுத்து, குறைந்த அடிப்படைச் சம்பளமும் அவர் புதிதாகக் கொண்டுவரும் விற்பனையில் கிலோவுக்கு இவ்வளவு என்றும் பேசுங்கள். செய்யும் வேலைக்குத் தக்கதாக இருக்கும் வரை அது தொழிலின் செலவுதான், கணக்கில் காட்டலாம். “அக்கா சம்பளமே எடுக்காதபோது நான் மட்டும் கேட்டால் எப்படி?” என்ற சங்கடம் அவருக்கும் இருந்திருக்கக் கூடும், “எனக்கு மாதம் 15,000, அது கிலோவுக்கு 22 ரூபாய் 50 காசு” என்று நோட்டைத் திறந்து காட்டிவிட்டு, அவருக்குக் கொடுக்கப்போவது கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்பதை அவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.