ஐசி முதுகில் ஒட்டும் குட்டி லேபிள்: பிரின்டர் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் வீட்டை ஒட்டிய சிறு பட்டறையில் தண்ணீர்த் தொட்டிக்கான மோட்டார் கன்ட்ரோலர் செய்து விற்கிறேன். மாதம் சுமார் 150 ஐசிகளில் (மின்னணு சிப்களில்) புரோகிராம் ஏற்றுகிறேன். பெரும்பாலும் 8 கால், சில 28 கால். புரோகிராம் மூன்று வகை. ஆனால் வெளியே பார்த்தால் எல்லா ஐசியும் ஒன்றுபோலவே இருக்கிறது. பேனாவால் எழுதி ஒட்டும் ஸ்டிக்கர் மழைக்காலத்தில் உரிந்துவிடுகிறது. குறைந்த செலவில் லேபிள் அடிக்க எந்த பிரின்டர் வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். மாதம் 150 ஐசிக்காகத் தனி பிரின்டர் வாங்குவது, நாலு தேங்காய் பறிக்கத் தனி ஏணி செய்வதைப் போன்றது. உங்கள் ஸ்டிக்கர் உரிவதற்குக் காரணம் எழுதிய பேனா அல்ல, காகிதம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் நம்முடையது. காகிதம் ஈரத்தைக் குடித்து உப்பி, ஓரத்திலிருந்து எழும்பும். ஆகவே முதலில் தாளை முடிவு செய்வோம்.

அதற்கு முன் அளவு. 8 கால் ஐசியின் முதுகு அகலம் 6 மி.மீ.க்குச் சற்று மேல், நீளம் 9 மி.மீ.க்குச் சற்று மேல். ஒடுக்கமான 28 கால் ஐசி அதைவிடச் சற்றே அகலம், 7 மி.மீ. அளவு. நீளம் 35 மி.மீ. அளவில் இருக்கும். எனவே 8 × 5 மி.மீ. என்று ஒரே லேபிள் அளவை வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் போதும். அதில் 4 பாயின்ட் எழுத்தில், அதாவது ஏறக்குறைய 1.4 மி.மீ. உயரத்தில், இரண்டு வரி வசதியாக அமையும்.

ஒரு ஏ4 தாளில் ஓரம் விட்டு, லேபிள்களுக்கு இடையே 1 மி.மீ. இடைவெளியும் விட்டால் 900க்கு மேல் அடங்கும். அச்சும் தாளும் சேர்த்து 30 ரூபாய் ஆனால்கூட ஒரு லேபிளுக்கு 4 பைசா ஆகாது. நாகர்கோவிலில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிஜிட்டல் அச்சகம் எதிலாவது, கிழியாத பாலியஸ்டர் ஸ்டிக்கர் தாளில் லேசர் அச்சு வேண்டும் என்று கேளுங்கள். மேலே மெல்லிய லேமினேஷனும் போடச் சொல்லுங்கள். லேசர் அச்சின் பொடி மையான டோனர் நகத்தால் சுரண்டினால் உதிரக்கூடியது. 'ஹாஃப் கட்' (அடித்தாளை விட்டுவிட்டு மேல் ஸ்டிக்கரை மட்டும் வெட்டுவது) வசதி இருந்தால் வேலை எளிது. இல்லையென்றால் ஸ்டீல் ஸ்கேலும் கட்டர் கத்தியும் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போய்விடும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து ஜெராக்ஸ் கடையிலோ லேசர் பிரின்டர் இருந்தால் அதிலும் அடிக்கலாம். ஆனால் பிவிசி வினைல் தாளை அதற்குள் விட்டுவிடாதீர்கள். டோனரை உருக்கும் உருளையின் சூட்டில் பிவிசி இளகி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். பாதி லேபிள் உரித்த தாளை மறுபடி விடுவதும் அதே ஆபத்துதான். இங்க்ஜெட் பேச்சே வேண்டாம். ஈரக்கை பட்டாலே சாதாரண மை கலங்கிவிடும்.

இந்த வழியில் ஒரு சங்கடம் உண்டு. 900 லேபிளை ஒரேயடியாக அடித்து வைத்த பிறகு நீங்கள் புரோகிராமைத் திருத்தினால், பழைய பதிப்பு எண் போட்ட தாள் வீண். அதனால் அச்சில் வகையை மட்டும் போடுங்கள். பதிப்புக்குப் பெயின்ட் மார்க்கரால் ஒரு நிறப்புள்ளி வையுங்கள். எந்த நிறம் எந்தப் பதிப்பு என்று சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பதிப்பு அடிக்கடி மாறும் என்றால்தான் கருவி தேவை. அப்போதும் நான் சொல்வது கையடக்க டேப் லேபிள் கருவியை. அதற்கு 6 மி.மீ. அகல லேமினேட் டேப் கிடைக்கிறது. 8 கால் ஐசியின் முதுகுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். எழுத்து இரண்டு பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே இருப்பதால் தண்ணீரோ எண்ணெயோ அண்டாது. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் முன்னால் 2 செ.மீ.க்கு மேல் வெற்று டேப் வீணாகும் என்பதுதான் எரிச்சல். பத்து லேபிளை ஒரே வரியாக, நடுவே கோடு போட்டு அடித்து, கத்தரியால் நறுக்குங்கள். 8 மீட்டர் டேப் வெகுநாள் வரும்.

மலிவாக விற்கும் குட்டி புளூடூத் தெர்மல் பிரின்டரைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். நானும் ஒருமுறை மயங்கினேன். குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் புகைக்கூடத்துக்கு வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து கொடுத்தபோது, உள்ளே தெர்மல் லேபிள் ஒட்டியிருந்தேன். ஒரு வருடம் கழித்துத் திறந்தால் லேபிள் பழுத்துக் கிடக்கிறது, எழுத்தைக் காணோம். அந்தத் தாளில் மை கிடையாது. சூடு பட்ட இடம் கறுப்பாவதுதான் எழுத்து. தொடர்ந்த வெப்பம், துடைக்கும் ஆல்கஹால், உரசிக்கொண்டிருக்கும் பிவிசி வயரிலிருந்து கசியும் பொருள் எல்லாமே அதற்கு எதிரி. ரிப்பன் வைத்து அடிக்கும் தெர்மல் டிரான்ஸ்ஃபர் வேறு சாதி. ரெசின் ரிப்பனும் பாலியஸ்டர் லேபிளும் சேர்ந்தால் உறுதிதான், ஆனால் மாதம் சில ஆயிரம் ஐசி போனால் யோசிக்கலாம்.

லேபிளில் என்ன எழுதுவது? அச்சகத் தாள் என்றால் வகை எழுத்து மட்டும். டேப் கருவி என்றால் வகை எழுத்து ஒன்று, செக்சமின் (புரோகிராமிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) கடைசி நாலு எழுத்து, மாதம், வருடம். 'தொட்டி' என்று தமிழில் போட ஆசைப்பட்டு நான் முயன்றிருக்கிறேன். அந்தத் தெர்மல் பிரின்டர் 203 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 203 புள்ளி; ஒரு மி.மீ.க்கு 8 புள்ளிதான். 1.4 மி.மீ. உயரத்தில் டகரத்தின் மேல் விலங்கு அப்பிப்போய் வெறும் கறையாகத் தெரிந்தது. கியூஆர் குறியீடும் இங்கே கொள்ளாது. மிகச் சிறியதே 21 கட்டம். சுற்றிலும் நாலு கட்டம் வெற்றிடம் வேண்டும். கட்டத்துக்குக் கால் மி.மீ. என்றாலும் 7 மி.மீ. தாண்டிவிடும்.

ஒட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஐசியின் முதுகை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, பிறகு ஒட்டி, விரலால் நன்றாக அழுத்துங்கள். லேபிளை உரிக்கும்போது நிலைமின்சாரம் உண்டாகும்; மணிக்கட்டு எர்த் பட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள். ஓரத்தில் உள்ள அரைவட்ட வெட்டையோ புள்ளியையோ மூடாதீர்கள். வெட்டு இடப்பக்கம் இருக்க எழுத்து நேராகப் படிக்கும்படி எப்போதும் ஒரே திசையில் ஒட்டினால், இடது கீழ் மூலையில் இருப்பது முதல் கால். லேபிளே அடையாளம் சொல்லிவிடும்.

கண்ணாடிச் சன்னல் வைத்த பழைய ஈப்ராம் (புற ஊதா ஒளி பட்டால் பதிவு அழியும் மெமரி ஐசி) ஏதாவது பழுதுபார்க்க வந்தால், அதன்மேல் வெறும் வெள்ளைத் தாளை ஒட்டி விடாதீர்கள். நேரடி வெயிலில் ஒரு வாரம் கிடந்தாலே உள்ளிருப்பது அழியக்கூடும். அடியில் அலுமினிய டேப் ஒரு துண்டு, கால்களைத் தொடாத அளவில், அதன்மேல் லேபிள்.

அச்சகத்தில் முதலில் ஒரே ஒரு தாள் வாங்குங்கள். செத்துப்போன ஐசி ஒன்றில் லேபிளை ஒட்டி, ஒரு நாள் விட்டு, இரவு முழுக்க உப்புத் தண்ணீரில் போடுங்கள். காலையில் எடுத்து நகத்தால் சுரண்டிப் பாருங்கள். ஓரம் எழும்பியிருந்தால் அடுத்த அச்சகம்.