சீன மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க வகுப்பில் என்ன பயிற்சிகள் பலன் தரும்?

என்ன விளையாட்டு வைத்தாலும் மாணவர்கள் வாய் திறப்பதில்லை, சீனர்களுக்கே கூச்ச சுபாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கூச்சப் பேச்சைக் கேட்டால் எனக்குப் பொறுக்காது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கல்லூரி முதலாண்டு வகுப்பு, எதிரே நாற்பது ஐம்பது பேர் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் சிச்சுவான் மாகாணத் தலைநகர் செங்டுவில் அப்படிப்பட்ட வகுப்புகளில்தான் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நடத்தினேன். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் படித்தவர்கள். காவ்காவ் என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வின் 750 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கு 150. ஆனால் பெரும்பாலான மாகாணங்களில் அந்த 150-இல் பேச்சுக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. அப்படி வளர்ந்தவரை எழுப்பி நிறுத்தி, உன் கருத்தைச் சொல் என்றால் என்ன சொல்வார்? போதாததற்கு, ஒரே வகுப்பு நான்கு ஆண்டும் கலையாமல் சேர்ந்து படிக்கும். விடுதியிலும் அதே முகங்கள். இன்று உளறினால் பட்டம் வாங்கும்வரை கேலி ஓயாது.

ஆகவே எல்லோர் முன்பும் ஒருவரைத் தனியாகப் பேசவைக்கும் எதையும் முதல் மாதம் தொடாதீர்கள்.

எனக்குக் கைகொடுத்தது ஓடிப்போய்ப் படித்துவந்து செய்யும் சொல்வதெழுதுதல். ஐந்தாறு வரிக் கதையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, வகுப்புக்கு வெளியே தாழ்வாரச் சுவரில் நாலைந்து இடங்களில் ஒட்டிவிடுவேன். இருவர் ஒரு ஜோடி. ஒருவர் ஓடிப்போய் ஒரு வரியை மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்து சொல்ல வேண்டும். மற்றவர் எழுத வேண்டும். பாதியில் ஆள் மாறும். கைபேசிகள் என் மேசைமேல் இருக்கும், இல்லாவிட்டால் படம் எடுத்து வந்துவிடுவார்கள்.

அந்த வட்டாரத்தில் பலருக்கு 'ந' ஒலியும் 'ல' ஒலியும் ஒன்றாகக் கலந்துவிடும். ஒருநாள் பின்வரிசை மாணவி மூச்சிரைக்க ஓடிவந்து 'லாஸ்ட் லைட்' என்றாள். எழுதிக்கொண்டிருந்த தோழி பேனாவை நிறுத்தி, 'என்ன விளக்கு?' என்று ஆங்கிலத்திலேயே கேட்டாள். மறுபடியும் 'லைட்'. ஜன்னலைக் காட்டினாள், கண்ணை மூடித் தூங்கிக் காட்டினாள். பிறகு, முந்தைய வாரம் நான் சொல்லிக்கொடுத்திருந்தபடி மூக்கின்மேல் விரல் வைத்து, அதிர்வு வருகிறதா என்று சோதித்துக்கொண்டே 'நைட்' என்றாள். அதுவரை பெயர் கேட்டால்கூடத் தலைகுனிந்த பெண் அவள்.

அடுத்தது தகவல் இடைவெளிப் பயிற்சி. செங்டுவிலிருந்து சோங்கிங் போகும் ரயில் அட்டவணையை இரண்டு விதமாக அச்சிட்டு, ஒருவர் தாளில் இருக்கும் நேரம் மற்றவர் தாளில் இல்லாதபடி செய்துவிடுங்கள். கேட்டால்தான் நிரப்ப முடியும். வகுப்புத் தலைவராக இருக்கும் மாணவரிடம் முன்கூட்டியே விதிகளை விளக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு, இலக்கணம் எங்கே என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. இலக்கணத்தில் அந்த மாணவர்கள் நம்மில் பலரைவிடக் கெட்டி. எல்லாச் சீன மாணவர்களும் ஒரே மாதிரி என்றும் நான் சொல்லவில்லை. பேச்சையும் தேர்வில் சேர்த்திருக்கும் ஷாங்காயிலிருந்து வருபவர்களுக்கு இவ்வளவு தயக்கம் இருக்காது.

கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2017 ஏப்ரலில் நாடு முழுதும் நடைமுறைக்கு வந்த வேலை அனுமதி விதிகளின்படி, வெளிநாட்டிலிருந்து வரும் மொழி ஆசிரியர் பொதுவாகத் தம் தாய்மொழியைத்தான் கற்பிக்கலாம். அதற்குப்பின் நான் விண்ணப்பித்த இடங்களில் ஒரு மாதிரி வகுப்பு நடத்திக் காட்டச் சொல்லிக்கூட யாரும் கேட்கவில்லை. இந்தியக் கடவுச்சீட்டைப் பார்த்ததும் பேச்சு முடிந்தது. வெளிநாட்டில் ஊர் சுற்றக் கிளம்பி, கற்பித்தலில் ஓர் அனுபவமும் இல்லாமல் வந்த வெள்ளைக்காரருக்கு அதே வேலை கிடைத்ததை என் கண்ணால் பார்த்தேன். தமிழ்வழியில் படித்து, அகராதியும் கையுமாக ஆங்கிலம் கற்றவன் நான். ஒரு மாணவருக்கு வாக்கியம் எந்த இடத்தில் உடையும் என்பது என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும். அந்தத் தகுதியை எந்த விண்ணப்பப் படிவமும் கேட்பதில்லை.

சுவரில் ஒட்டும் கதைத்தாள்களும் ரயில் அட்டவணையும் என்னிடம் இன்னும் இருக்கின்றன. வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன். ஊர்ப் பெயர்களை மட்டும் உங்கள் மாணவர்களுக்குப் பழக்கமானவையாக மாற்றிக்கொள்ளுங்கள்.